கொல்லைப்புறத்தில் பாய்க்கோரை

“பாத்திரம் கழுவுகிற தண்ணீர் போகும் மூலை எப்போதும் சொதசொதவென்று கிடக்கிறது. வாழை வைத்தோம், அழுகிப் போச்சு. பாய்க்கோரை வைக்கலாமா என்றால் மாமியார், ‘கோரையைப் பிடுங்கியே என் காலம் போச்சு, நீ கொண்டு வந்து நடப் போறியா?’ என்கிறார்” என்று ஒரு சகோதரி எழுதியிருக்கிறார்.

மாமியார் சொல்வதில் நியாயம் உண்டு. ஆனால் அவர் பிடுங்கியது கோரைக்கிழங்குச் செடி. முழ உயரம்கூடப் பல இடத்தில் வராது. மண்ணுக்குள் மணிமணியாய்க் கிழங்கு கோத்திருக்கும். கொத்தினால் கிழங்குகள் பிரிந்து தனித்தனியாக முளைக்கும். குளியல் பொடிக்கு வாசனை, பாத்திக்குப் பகை! நீங்கள் கேட்பது, கரூர்ப் பக்கம் காவிரிப் படுகையில் பாய்க்கென்றே பயிரிடுகிறார்களே, இடுப்புக்கு மேல் வளரும், அந்தக் கோரை. நர்சரியில் குடைபோல் விரிந்த ஒன்றைக் காட்டுவார்கள். அழகுதான், ஆனால் அது ஆப்பிரிக்கப் பக்கத்துச் செடி. நம் ஆற்றங்கரைச் செடி இருக்க அது எதற்கு என்பது என் கட்சி.

பாய்க்கோரையும் வேர் ஓடிப் பரவும். அதனால் தரையில் வைக்க வேண்டாம். உபயோகமில்லாத சிமெண்ட் தொட்டி போதும். அடியில் செங்கல் ஜல்லி, மேலே களிமண் கலந்த தோட்டத்து மண், அதற்கும் மேலே நாலு விரல் கனம் கூழாங்கல். ஓட்டையை அடியில் போடாதீர்கள். கூழாங்கல் மட்டத்துக்குச் சற்றுக் கீழே, பக்கவாட்டில் போடுங்கள். வேர் ஈரத்திலேயே இருக்கும். தண்ணீர் மேலே தேங்காது. தேங்கினால் ஆபத்து. யானைக்கால் நோயைப் பரப்பும் கியூலெக்ஸ் கொசு இப்படிப்பட்ட அழுக்குத் தண்ணீரில்தான் முட்டையிடுகிறது. வழியும் தண்ணீரைத் தென்னைக்குத் திருப்பி விடுங்கள்.

சோற்றுப்பருக்கையும் எண்ணெய்ப் பிசுக்கும் போகாமல் வாயில் தேங்காய் நாரை அடைத்து, அடிக்கடி மாற்றுங்கள். ஆசிட், பிளீச்சிங் பவுடர் கலந்த தண்ணீர் கூடாது.

வெயில் விழும் இடமாக இருக்கட்டும். உரம் தேவையில்லை. பூத்தலை முற்றுவதற்குள் நாலு விரல் விட்டு அறுத்துவிட்டால் விதை சிதறாது, மறுபடி நெருக்கமாய்த் தழைக்கும். அவ்வளவுதான் வேலை.

கன்று வாங்கப் போகும்போது மாமியாரையும் கூட்டிப் போங்கள். கூடவே ஒட்டி வரும் கறுப்பு மணிக்கிழங்கு ஒன்று இருந்தாலும் அவர் கண்ணுக்குத் தப்பாது.