யந்திரத்தை அபகரிக்கலாமா?

1987-ம் வருஷத்தில் கமோடோர் கம்பெனியார் வெளியிட்ட அமிகா 500 என்னும் வீட்டுக் கம்ப்யூட்டருக்கு ஆட்டங்கள் எழுதியவர்களில் அநேகர், அதன் ஆபரேட்டிங் சிஸ்டத்தை ஒதுக்கிவிட்டு யந்திரத்தைத் தாமே நேராக ஆண்டனர். அது முறைதானா?

"512 கிலோபைட் நினைவகமும், வினாடிக்குச் சுமார் 70 லட்சம் துடிப்பே உடைய பிராஸஸரும் வைத்துக்கொண்டு வேறென் செய்வது?" என்பர் அவர் கட்சியினர். இவ்வாதத்தில் நியாயமுண்டு. சித்திரமும் சப்தமும் ஆக்கும் சில்லுகளின் விவரங்களைக் கம்பெனியாரே புஸ்தகமாக அச்சிட்டளித்தனர். அளித்ததை உபயோகித்தல் குற்றமாகாது.

ஆனால் சிலர் அத்துடன் நிற்கவில்லை. நினைவகத்தில் 4-ம் எண்ணுள்ள விலாசம் ஒன்றே என்றும் மாறாது என்பது சிஸ்டத்தாரின் வாக்கு. அவ்வாக்குக்குப் புறம்பான உள்விலாசங்களிலும் இவர்கள் புகுந்தனர். 1991-ல் புதிய சிஸ்டத்துடன் அமிகா 500 பிளஸ் வந்ததும் அத்தகைய ஆட்டங்கள் ஓட மறுத்தன. நஷ்டம் யாருக்கு? காசு கொடுத்து வாங்கிய சிறுவனுக்கே!

சித்திரச் சில்லைக் கேட்டுப் பெறவும், வேலை முடிந்ததும் திருப்பித் தரவும் அந்தச் சிஸ்டத்திலேயே வழியிருந்தது. வேகம் வேண்டுவோர் அவ்வழியே செல்லட்டும். வாக்களிக்கப்படாத இடத்தில் கை வைப்பவர் பிறர் பணத்தைப் பணயம் வைக்கிறார் என்பதே நமது அபிப்பிராயம்.