பிளாக்கு வெடிச்சா வண்டி செத்துப்போச்சா?

தலையங்கம்



சொர்ணவாரிப் பட்டத்துக்குச் சேறு கலக்குற நாளில்தான் பெரும்பாலும் இது நடக்கிறது. சித்திரை வெயில். ரோட்டவேட்டர் மாட்டி நாள் பூரா சேத்துல ஓடுற பழைய டிராக்டர். ரேடியேட்டர்ல வைக்கோல் தூசு அடைச்சிருக்கு, பேன் பெல்ட் தளர்ந்திருக்கு. எஞ்சின் கொதிக்குதேன்னு வாய்க்கால் தண்ணியை மொத்தமா ஊத்துறாங்க. கொதிச்சுக் கிடக்கிற வார்ப்பிரும்பு பச்சைத் தண்ணியைத் தாங்குமா? பிளாக்கு விரிசல் விட்டுடுது.

"பிளாக்கு போச்சுங்க" என்று மெக்கானிக் கையைத் துடைச்ச மறுநாளே புது வண்டி ஏஜெண்டு வீட்டு வாசலுக்கு வந்துவிடுகிறார். "பழசைத் தள்ளிவிடுங்க, மீதிக்கு பைனான்ஸ் போட்டுக்கலாம்" என்கிறார். பட்டம் தவறிப் போகுமே என்ற பயத்தில் நம்ம ஆளும் கையெழுத்துப் போட்டுவிடுகிறார். அன்னைக்குப் பிடிச்ச கடன் அஞ்சு வருஷத்துக்கு விடுவதில்லை.

ஆரணியைச் சுற்றி ஒரு ஏக்கர், ரெண்டு ஏக்கர்காரர்களே அதிகம். தேவிகாபுரம், ஒண்ணுபுரம் பக்கம் ஒரே குடும்பத்தில் தறியும் உண்டு, கழனியும் உண்டு. தறியில் இழை அறுந்தால் பாவையே வெட்டி எறிகிறோமா? முடிச்சுப் போட்டு மேலே நெய்கிறோம். டிராக்டருக்கும் அதே புத்திதான் வேணும். ஒரு தெருவில் ஓடுற பழைய மேஸி 1035 ஒருத்தர் சொத்து மட்டுமில்லை, அந்தத் தெருவுக்கே அதுதான் ஏரு.

நாம் சொல்வது ரெண்டு விஷயம். விரிசல் விட்ட பிளாக்கைப் பல சமயம் சரி செய்ய முடியும். அதற்கான பணத்துக்கு கிசான் கடன் அட்டையிலேயே வழி இருக்கிறது. இந்த ரெண்டும் நமக்குத் தெரியாத வரைக்கும்தான் பைனான்ஸ்காரர்களின் வியாபாரம்.

முதலில் பிளாக்குதானா என்று பாருங்க

ஆயில் பால் கலந்த காபி மாதிரி ஆச்சுன்னா, ஆயிலில் தண்ணி இறங்குதுன்னு அர்த்தம். ராத்திரி முழுக்க வண்டியை நிறுத்தி வைத்து, காலையில் அடியில் இருக்கிற டிரெயின் போல்ட்டை லேசாகத் திறந்தால் தண்ணி முதலில் வரும். ஆனால் இதை மட்டும் வைத்து பிளாக்கு போச்சுன்னு முடிவு கட்டக்கூடாது. ஹெட் கேஸ்கட் போனாலும் இப்படித்தான் ஆகும். ஹெட்டு விரிசல் விட்டாலும் இப்படித்தான். தண்ணிக்குள் நிற்கிற லைனர் உள்ள எஞ்சினில் லைனர் ரப்பர் வளையம் தேய்ந்தாலும் இதே கதைதான். கேஸ்கட்டுக்கும் வளையத்துக்கும் ஆகிற செலவு எங்கே, பிளாக்குக்கு ஆகிற செலவு எங்கே? ஹெட்டைக் கழற்றி, பிளாக்கைப் பிரஷர் டெஸ்ட் செய்து, விரிசலைக் கண்ணால் காட்டச் சொல்லுங்க. காட்டாத வரைக்கும் காசு கொடுக்காதீங்க.

விரிசல் எங்கே இருக்கு என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. தண்ணி ஓடுற வெளிச்சுவரில் இருந்தால் பெரும்பாலும் பிழைக்கும். கனெக்டிங் ராடு உடைந்து பிளாக்கைக் குத்தியிருந்தாலோ, கிராங்க் உட்கார்ற பேரிங் இடத்தில் விரிசல் ஓடியிருந்தாலோ கஷ்டம். அப்போது வேற பிளாக்கு பார்ப்பதுதான் புத்திசாலித்தனம்.

வெளிச்சுவர் விரிசலுக்கு ரெண்டு வழி உண்டு. ஒண்ணு, நிக்கல் ராடு வைத்து வெல்டிங். விரிசல் மேலும் ஓடாதபடி அதன் ரெண்டு முனையிலும் முதலில் துளை போட வேண்டும். பிளாக்கைச் சூடேற்றிய பிறகே பற்றவைக்க வேண்டும். பிறகு மணலிலோ சாம்பலிலோ மூடி மெதுவாக ஆறவிட வேண்டும். சாதா ராடால் அவசரத்துக்குப் பற்றவைத்தால் பக்கத்திலேயே புது விரிசல் விழும். இன்னொண்ணு, மெட்டல் ஸ்டிச்சிங். சூடே இல்லாமல், விரிசல் நெடுகத் துளை போட்டு, மரை வெட்டி, திருகுகளை ஒன்றோடொன்று நெருக்கி இறக்கித் தைப்பது. பட்டறையில் எதைச் செய்தாலும் மறுபடி பிரஷர் டெஸ்ட் செய்து காட்டிய பிறகே வண்டியில் ஏற்றச் சொல்லுங்க. மேலே பசை தடவி பெயிண்ட் அடிக்கிற வேலைக்கு ஏமாறாதீங்க.

பழைய பிளாக்கு வாங்கினால் பில் இல்லாமல் வாங்காதீங்க. எஞ்சின் நம்பர் பிளாக்கில்தான் அடிச்சிருக்கும். ஆர்.சி. புத்தகத்தில் ஒரு நம்பரும் வண்டியில் வேறு நம்பரும் இருந்தால் இன்ஷூரன்ஸ்காரன் கைவிரிப்பான், சோதனையில் போலீசு வண்டியை நிறுத்தும். வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் மாற்றி எழுதி வாங்கிக்கொள்ளுங்க.

புது வண்டி யாருக்கு லாபம்?

2025 செப்டம்பர் 22 முதல் டிராக்டருக்கு ஜி.எஸ்.டி. 12 சதவீதத்திலிருந்து 5 ஆகக் குறைந்தது. நல்லதுதான். ஆனால் புது வண்டி வாங்க வழியில்லாமல் பழைய வண்டியைப் பட்டறையில் நிறுத்தி வைத்திருக்கிறவனுக்கு அதனால் என்ன பயன்? மானியமும் புது இயந்திரத்துக்கே. இருக்கிற வண்டியைக் காப்பாற்றுகிறவனுக்கு ஒரு பைசா கிடையாது.

கடனில் வண்டி வாங்கினால் என்ன நடக்கும் என்பதை 2016 மார்ச்சில் தஞ்சை மாவட்டத்தில் பார்த்தோம். டிராக்டர் கடன் பாக்கிக்காக ஒரு விவசாயியைப் போலீசார் அடித்து இழுத்துப் போனதை வீடியோவில் நாடே பார்த்தது. கடனுக்காக அடியாள் வைத்து வண்டியைப் பறிக்கக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2007லேயே சொல்லியிருந்தது. சொன்னது காகிதத்தில், அடி விழுந்தது முதுகில்.

நம்ம பணம் எங்கே இருக்கிறது?

கிசான் கடன் அட்டைக்கு ரிசர்வ் வங்கி வகுத்த கணக்கைக் கவனியுங்க. நிலத்துக்கும் பயிருக்கும் ஏற்ற பயிர்க்கடன் தொகை ஒரு லட்சம் என்றால் அதோடு நிற்பதில்லை. அறுவடைக்குப் பின் ஆகும் செலவுக்கும் வீட்டுச் செலவுக்கும் 10 சதவீதம், அதாவது 10 ஆயிரம். விவசாயச் சாதனங்களின் பழுது, பராமரிப்புக்கு 20 சதவீதம், அதாவது 20 ஆயிரம். பயிர்க் காப்பீடு போன்றவை தனி. ஆக அட்டையின் வரம்பு குறைந்தது 1 லட்சத்து 30 ஆயிரம் ஆகணும். டிராக்டரும் மோட்டாரும் விவசாயச் சாதனம் இல்லாமல் வேறென்ன?

இந்த 20 சதவீதத்தைப் பற்றி உங்க வங்கியில் யாராவது வாயைத் திறந்து சொன்னாங்களா? நகையைக் கொண்டு வா என்பார்கள். 2025 ஜனவரி 1 முதல் 2 லட்சம் ரூபாய் வரை விவசாயக் கடனுக்கு ஈடு கேட்கக்கூடாது என்பதும் ரிசர்வ் வங்கி உத்தரவுதான். குத்தகைதாரருக்கும் வாரத்துக்குப் பயிர் வைப்பவருக்கும்கூட இந்த அட்டைக்குத் தகுதி உண்டு.

20 ஆயிரத்தில் முழு எஞ்சினும் புதுசாகாது. ஆனால் கேஸ்கட்டு மாற்றவும் விரிசல் தைக்கவும் பட்டறைக் கூலி கொடுக்கவும் கந்துவட்டிக்குக் கை நீட்டாமல் தொடங்கலாம். வண்டி எழுந்தால் பட்டம் பிழைக்கும்.

நமது கோரிக்கைகள்

1. ஒவ்வொரு வங்கியும் கூட்டுறவுச் சங்கமும் கடன் அட்டைக் கணக்கில் பராமரிப்புத் தொகையைத் தனியாக எழுதிக் கொடு! அறிவிப்புப் பலகையில் தமிழில் ஒட்டு!

2. புது இயந்திரத்துக்கு மானியம் தருகிற அரசே, சிறு குறு விவசாயியின் பழைய டிராக்டர் பழுதுக்கும் மானியம் கொடு!

3. வேளாண்மைப் பொறியியல் துறை மூலம் ஆரணியில் பிரஷர் டெஸ்ட், ஸ்டிச்சிங் வசதியோடு பழுதுபார்க்கும் பட்டறை திற!

4. உழவுப் பட்டத்தில் வண்டி பழுதான விவசாயிக்கு அரசு வாடகை டிராக்டரை முன்னுரிமையில் அனுப்பு!

5. கடன் வசூல் என்ற பெயரில் அடியாட்களை ஊருக்குள் அனுப்பாதே!

விவசாயிகளே! கடன் அட்டையை எடுத்துக்கொண்டு கும்பலாகவே வங்கிக்குப் போவோம். பராமரிப்புத் தொகையைக் கேட்டு மனுவை எழுதிக் கொடுத்து, ரசீது வாங்குவோம். இல்லை என்று சொன்னால் அதையும் எழுத்தில் கேட்போம். அந்தக் காகிதங்களை எல்லாம் சேர்த்து விவசாயிகள் குறைதீர்வுக் கூட்டத்தில் வைப்போம். அங்கேயும் கதவு திறக்கவில்லையென்றால், ஓடாத டிராக்டர்களைக் கயிறு கட்டி இழுத்து வந்து ஆரணி கோட்டாட்சியர் அலுவலகத்து வாசலில் நிறுத்துவோம்!

கேட்பது பிச்சை இல்லை, நம்ம பேருக்கு எழுதி வைத்த உரிமை!

விவசாயிகள் ஒற்றுமை ஓங்குக!