குழியில் பொருந்தினால் போதுமா?

பால்கோவா கிண்டுகிறவரைக் கேளுங்கள். "தீ அளவாக இருக்க வேண்டும்" என்பார். தீ குறைந்தால் பால் இறுகாது. கூடினால் அடிப்பிடித்துவிடும்.

ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர்களுக்கு இதை யாரும் சொல்லித் தர வேண்டியது இல்லை.

ராஜபாளையம் பஞ்சாலைத் தொழிலாளியும் அப்படித்தான். மோட்டாருக்கு எத்தனை வோல்ட் என்று பார்க்காமல் அவர் மின்சாரம் கொடுக்க மாட்டார்.

ஆனால், வீட்டுக் கம்ப்யூட்டருக்கு 'ரேம்' வாங்கும்போது மட்டும் நாம் வோல்ட்டைக் கேட்பது இல்லை. "குழியில் பொருந்துகிறதா? சரி, கொடுங்கள்" என்கிறோம்.

இது தவறு.

ஏமாற்றும் இரட்டையர்

ரேம் என்பது கம்ப்யூட்டரின் நினைவுப் பலகை. 'மதர்போர்டு' என்னும் தாய்ப்பலகையில் உள்ள குழியில் அதைச் செருகுவார்கள்.

டி.டி.ஆர்.2 ரேமுக்கு 1.8 வோல்ட். டி.டி.ஆர்.3-க்கு 1.5 வோல்ட். டி.டி.ஆர்.4-க்கு 1.2 வோல்ட்.

இந்த மூன்றிலும் அடியில் உள்ள வெட்டு வேறு வேறு இடத்தில் இருக்கும். ஒன்றின் குழியில் மற்றொன்று நுழையாது. ஆபத்து இல்லை.

ஆனால், 'டி.டி.ஆர்.3 எல்' என்று ஒன்று உண்டு. அதற்கு 1.35 வோல்ட் போதும். அதன் வெட்டும், டி.டி.ஆர்.3-ன் வெட்டும் ஒரே இடத்தில் இருக்கும். ஒன்றின் குழியில் மற்றொன்று அழகாக உட்கார்ந்துகொள்ளும். இங்கேதான் ஏமாறுகிறோம்.

1.35 வோல்ட் மட்டும் கொடுக்கும் லேப்டாப்பில் 1.5 வோல்ட் ரேமைப் போட்டால் என்ன ஆகும்? பெரும்பாலும் திரை இருண்டே இருக்கும். "கம்ப்யூட்டரே போய்விட்டது" என்று வீட்டில் அழுவார்கள். கெட்டது கம்ப்யூட்டர் அல்ல. பொருந்தாத ரேம்!

மூளைக்கே ஆபத்து

வோல்ட்டைக் கூட்டிக் கொடுத்தால் சரியாகிவிடுமா? கூடாது!

முன்பு ரேமைக் கட்டுப்படுத்தும் பகுதி, மதர்போர்டில் தனியாக இருந்தது. 2008-ல் இண்டெல் கம்பெனி அதைப் 'புராசஸர்' என்னும் மூளைக்குள்ளேயே வைத்தது. அப்போதே, "ரேமுக்கு 1.65 வோல்ட்டுக்கு மேல் போகாதீர்கள்" என்று எச்சரித்தது.

2015-ல் வந்த ஆறாம் தலைமுறைப் புராசஸர்களுக்கு 1.35 வோல்ட் டி.டி.ஆர்.3 எல், அல்லது டி.டி.ஆர்.4 ரேம்தான் போட வேண்டும். 1.5 வோல்ட் நாளடைவில் மூளையையே கெடுக்கக்கூடும்.

என்ன செய்ய வேண்டும்?

பழைய ரேமைக் கழற்றிக் கடைக்குக் கொண்டுபோங்கள். அதில் ஒட்டியுள்ள சீட்டைப் படியுங்கள். 'பிசி3' என்று மட்டும் இருந்தால் 1.5 வோல்ட். 'பிசி3எல்' என்று இருந்தால் 1.35 வோல்ட்.

மதர்போர்டும் புராசஸரும் எத்தனை வோல்ட் ரேமை ஏற்கும் என்று, அவற்றின் குறிப்புப் புத்தகத்தில் பார்க்கச் சொல்லுங்கள். இரண்டும் ஒத்துப்போக வேண்டும்.

கடைக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. ரசீதில் விலையை எழுதுகிறீர்கள். பக்கத்திலேயே வோல்ட்டையும் எழுதுங்கள். பொருந்தாவிட்டால் மாற்றிக் கொடுங்கள்.

2011-ல் தொடங்கிய அரசுத் திட்டத்தில் கிடைத்த லேப்டாப்பை இன்னும் பத்திரமாக வைத்திருக்கும் வீடுகள் உண்டு. பல வீடுகளில் இருப்பதே ஒரு கம்ப்யூட்டர்தான். பிள்ளையின் படிப்பு அதில் இருக்கிறது.

"எத்தனை வோல்ட்?" என்று கேட்பதற்குக் காசு செலவு இல்லை. கேளுங்கள்!