எந்தக் கதவைத் தட்டுவது?

பெண்பிள்ளைக்குக் கலியாணம் பேசும்போது எமது வீடுகளில் விசாரணைக்குக் குறைவிருக்காது. மாப்பிள்ளை என்ன தொழில், எந்த ஊர், தாய் தகப்பன் எப்படிப்பட்டவர்கள், எத்தனை சகோதரிகள், வீடு யாருடைய பெயரில், நகை எத்தனை பவுண் என்று மாமாமாரும் சாச்சாமாரும் தேடித் தேடி அறிந்து வருவார்கள். ஆனால் அந்த நிகாஹ் எந்தச் சட்டத்தின் கீழ் பதியப்படுகிறது, அது பிள்ளைக்கு என்ன உரிமைகளைத் தருகிறது, நாளை ஒரு பிரச்சினை என்றால் அவள் எங்கே போக வேண்டும் என்று எவரும் கேட்பதில்லை. கேட்டால், "நல்ல காரியம் பேசுற நேரத்துல இதென்ன கதை?" என்று உம்மாவே வாயை அடைத்துவிடுவார்.

இந்தக் கல்லூரியில் படித்து, இன்று சட்டம் பயிலும் ஒரு பழைய மாணவி என்ற வகையில் எனது கருத்து இதுதான்: விவாகரத்து, தாபரிப்பு, பிள்ளைகளின் கட்டுக்காப்பு, வன்முறையிலிருந்து பாதுகாப்பு ஆகிய நான்கும் நான்கு வேறு விடயங்கள். அவற்றுக்கான கதவுகளும் வெவ்வேறானவை. எது எந்தக் கதவு என்பதைத் தெரிந்துகொள்ளாமல் எந்தப் பெண்பிள்ளையும் பாடசாலையை விட்டுப் போகக் கூடாது.

"பிரிவைப் பற்றிப் படிப்பித்தால் பிள்ளைகள் பிரிவைத்தானே நினைப்பார்கள்?" என்று சில பெற்றோர் அஞ்சுகிறார்கள். அந்த அச்சத்தை நான் மதிக்கிறேன். ஆனால் ஒன்றைச் சிந்தித்துப் பாருங்கள். அல்குர்ஆனில் 'தலாக்' என்ற பெயரிலேயே ஒரு சூரா இருக்கிறது. தன் கணவர் ஸாபித் இப்னு கைஸ் அவர்களோடு வாழ விருப்பமில்லை என்று நபியவர்களிடமே நேரில் வந்து சொல்லி, மஹராகப் பெற்ற தோட்டத்தைத் திருப்பிக் கொடுத்துப் பிரிந்த ஸஹாபிப் பெண்மணியின் செய்தி நாம் அனைவரும் அறிந்தது. மார்க்கம் மறைக்காத ஒன்றை நாம் ஏன் எமது பிள்ளைகளுக்கு மறைக்க வேண்டும்?

முதலில் விவாகரத்தைப் பார்ப்போம். இலங்கையில் முஸ்லிம்களின் திருமணமும் விவாகரத்தும் 1951ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டத்தின் கீழ் வருகின்றன. இதற்குரிய இடம் காதி நீதிமன்றம். தலாக் சொல்ல நினைக்கும் கணவன், மனைவி வசிக்கும் பிரதேசத்தின் காதிக்கு அறிவித்தல் கொடுக்க வேண்டும். காதி, உறவினர்களையும் ஊர்ப் பெரியவர்களையும் கொண்டு இருவரையும் சேர்த்துவைக்க முயல வேண்டும். 30 நாட்களுக்குள் அது கைகூடாவிட்டால்தான், காதியின் முன்னால் இரண்டு சாட்சிகளோடு தலாக் சொல்லப்படும். வட்ஸ்அப்பில் மூன்று முறை எழுதி அனுப்பிவிட்டால் கதை முடிந்தது என்று நினைப்பவர்கள் எமது ஊர்களில் இன்னும் இருக்கிறார்கள். சட்டம் வகுத்த வழி அதுவல்ல. அப்படி ஒரு செய்தி வந்தால், அழுதுகொண்டு வாப்பா வீட்டில் முடங்காமல், அதை அழித்தும் விடாமல், காதியிடம் போய்ப் பதிவுசெய்ய வேண்டும். இத்தாக் காலச் செலவும் மற்ற உரிமைகளும் அந்தப் பதிவிலிருந்துதான் தொடங்கும்.

மனைவி பிரிவு கேட்கவும் வழி உண்டு. கணவனின் கொடுமை, செலவு கொடுக்காமை, கைவிட்டுப் போதல் போன்ற குறைகளைக் காட்டிக் கேட்பது பஸஹ். அவள் எதையேனும் விட்டுக்கொடுத்து, கணவனின் சம்மதத்தோடு பிரிவது குல்உ. இரண்டுக்கும் இடையிலுள்ள வேறுபாடு தெரியாததால் ஏமாறுபவர்கள் பலர். அடிபட்டு வந்த பெண்ணிடம், "மஹரையும் சாமானையும் விட்டுக் குடுத்துட்டு குல்உவில முடிச்சிக்கங்க, சுருக்கா முடியும்" என்று அறிவுரை சொல்வார்கள். பஸஹ் வழக்கு நீளும் என்பது உண்மைதான். அதில் காதியோடு மூன்று மதிப்பீட்டாளர்கள் அமர்ந்து விசாரிப்பார்கள், சாட்சிகள் வேண்டும். ஆயினும் தவறு கணவன் பக்கம் இருக்கும்போது மனைவி ஏன் விலை கொடுக்க வேண்டும் என்ற கேள்வியை அவள் கேட்கவாவது தெரிந்திருக்க வேண்டும்.

இரண்டாவது தாபரிப்பு. மனைவிக்கான தாபரிப்பு, பிள்ளைகளுக்கான தாபரிப்பு, இத்தாக் காலச் செலவு, பிரசவச் செலவு, கொடுபடாத மஹர், கைக்கூலி ஆகியவற்றைக் காதியிடமே கோரலாம். கைக்கூலி என்று சட்டம் சொல்வது, பெண்ணின் நலனுக்காக மாப்பிள்ளையிடம் பெண் வீட்டார் கொடுத்த பணத்தையும் அசையும் பொருட்களையும். அது அவளுக்கே உரியது. அவள் திருப்பிக் கேட்கலாம். வீடு வளவு அதற்குள் அடங்காது. பெண்ணுக்குக் கொடுத்த வீட்டை மாப்பிள்ளையின் பெயரில் எழுதிவிட்டு, பிறகு காதியிடம் போய்க் கேட்டுப் பயனில்லை. பெற்றோர் இந்த ஒரு வரியையாவது நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நிகாஹ் பதிவின்போது மஹரையும் கைக்கூலியையும் உள்ளபடி எழுதச் செய்யுங்கள். வாய்ப்பேச்சில் இருந்தது வழக்கில் நிற்காது.

காதி தாபரிப்புக் கட்டளை கொடுத்த பின்னும் கணவன் கட்டாமல் இழுத்தடித்தால், காதி அதை நீதவான் நீதிமன்றத்துக்கு அனுப்பலாம். அங்கே அந்தத் தொகை ஒரு குற்றப்பணத்தை அறவிடுவதைப் போல அறவிடப்படும். "கட்டளை கிடைத்தும் காசு வரவில்லை" என்று விதியை நொந்துகொள்ளும் தாய்மார், "நீதவான் நீதிமன்றத்துக்கு அனுப்புங்கள்" என்று காதியிடம் எழுத்தில் கேட்க வேண்டும். காதியின் தீர்ப்பில் திருப்தி இல்லையென்றால் காதிகள் சபைக்கும், அதற்குப் பின் மேன்முறையீட்டு நீதிமன்றத்துக்கும் போகலாம். இவற்றுக்குக் காலக்கெடு உண்டு, தாமதிக்கக் கூடாது.

மூன்றாவது விடயத்தில்தான் எமது பெண்கள் அதிகம் தவறான கதவைத் தட்டுகிறார்கள். அது பிள்ளைகளின் கட்டுக்காப்பு. பிள்ளை தாயிடமா தகப்பனிடமா என்ற பிணக்கைத் தீர்க்கும் அதிகாரத்தை 1951ஆம் ஆண்டுச் சட்டம் காதிக்குக் கொடுக்கவில்லை. இருவரும் மனமொத்து ஓர் இணக்கத்துக்கு வந்தால் நல்லது. பிணக்கென்று வந்துவிட்டால் அதற்குரிய இடம் மாவட்ட நீதிமன்றம். பிள்ளையைத் தூக்கிச் சென்று மறைத்து வைத்தால் மேன்முறையீட்டு நீதிமன்றத்திலோ மாகாண மேல் நீதிமன்றத்திலோ ஆட்கொணர்வு மனுத் தாக்கல் செய்யலாம். அங்கே முஸ்லிம் சட்டத்தில் தாய்க்குள்ள உரிமையும் பார்க்கப்படும், பிள்ளையின் நலனும் பார்க்கப்படும்.

எங்கள் ஒழுங்கையில் ஒரு ராத்தா இருக்கிறார். நான்கு வயது மகனைப் பெருநாளுக்கென்று கணவன் வீட்டார் அழைத்துச் சென்றார்கள், திருப்பி அனுப்பவில்லை. அவர் ஒரு வருடத்துக்கு மேலாகக் காதியிடம் நடந்தார். ஒவ்வொரு தவணையிலும், "பிள்ளையக் குடுக்கச் சொல்லுங்க" என்று அழுதார். இது இங்கே தீரும் விடயம் இல்லை என்று ஒருவரும் அவரிடம் சொல்லவில்லை. காதி நீதிமன்றத்தில் சட்டத்தரணிகள் தோன்றுவதில்லை என்பதால் எடுத்துச் சொல்ல ஆளும் இருக்கவில்லை. கடைசியில் அவர் மாவட்ட நீதிமன்றத்துக்குப் போனபோது, மகன் அந்த ஊர்ப் பாடசாலையில் சேர்ந்து, வாப்பும்மாவை "உம்மா" என்று கூப்பிடப் பழகியிருந்தான். பிள்ளை எங்கே பழகியிருக்கிறது என்பதையும் நீதிமன்றம் பார்க்கும் அல்லவா? அந்த ஒரு வருடத்தை யார் திருப்பிக் கொடுப்பது? வழக்கு இன்னும் நடக்கிறது. அந்த ராத்தா எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர். ஆனால் அவரோடு தவணைக்குத் தவணை கூடப் போன தங்கச்சி உயர்தரம் வரை படித்தவர். அவருக்கும் இது தெரிந்திருக்கவில்லை. ஆகவே இதைப் படிப்பறிவில்லாதவர்களின் பிரச்சினை என்று ஒதுக்கிவிட முடியாது.

இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பிள்ளை தாயிடம் இருந்தாலும் செலவு கொடுப்பது தகப்பனின் கடமை. "பிள்ளையத் தந்தாத்தான் காசு தருவன்" என்பதும், "காசு தந்தாத்தான் பிள்ளையக் காட்டுவன்" என்பதும் இரண்டுமே பிள்ளைக்குச் செய்யும் அநியாயம். தகப்பன் பிள்ளையைப் பார்க்க விரும்பினால் அதற்கும் நீதிமன்றத்தில் நாளும் நேரமும் ஒழுங்கு செய்யலாம்.

நான்காவது பாதுகாப்பு. "அடிக்கிறான், ஆனா நான் தலாக் கேக்கல்ல" என்று சொல்லும் பெண்ணுக்கு என்ன வழி? 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் இன, மத பேதமின்றி இந்நாட்டில் எல்லோருக்கும் உரியது. அதற்கு விவாகரத்துத் தேவையில்லை. காதியிடம் வழக்கு இருந்தாலும் இல்லாவிட்டாலும் நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை கேட்கலாம். பாதிக்கப்பட்டவர் தானே கேட்கலாம். அவருக்காகப் பொலிஸ் அதிகாரி கேட்கலாம். பிள்ளைக்காகத் தாயோ தகப்பனோ பாதுகாவலரோ கேட்கலாம். உடனடி ஆபத்து இருந்தால் நீதவான் இடைக்காலக் கட்டளை ஒன்றைப் பிறப்பித்து, 14 நாட்களுக்குள் விசாரணைக்கு எடுப்பார். பாதுகாப்புக் கட்டளை 12 மாதங்கள் வரை செல்லும். வீட்டுக்குள் வரக் கூடாது, தொடர்புகொள்ளக் கூடாது, பிள்ளையின் பாடசாலைக்குப் போகக் கூடாது என்றெல்லாம் அதில் தடை விதிக்கலாம். அவசரச் செலவுக்குப் பணம் கொடுக்கவும் உத்தரவிடலாம். மீறினால் 10,000 ரூபா வரை தண்டப்பணம், அல்லது ஒரு வருடம் வரை சிறை, அல்லது இரண்டும்.

இந்தச் சட்டம் உடம்பில் விழும் அடியை மட்டும் வன்முறையாகக் கொள்ளவில்லை. தொடர்ச்சியாக ஒருவரைக் கொடூரமாக இழிவுபடுத்தி மனதை வதைப்பதும் இதற்குள் வரும். கணவன் மட்டுமல்ல, முன்னாள் கணவன், மாமனார், மாமியார், கணவனின் சகோதர சகோதரிகள் ஆகியோருக்கு எதிராகவும் கட்டளை பெறலாம். வாப்பாவின், நானாவின் கையால் வதைபடும் பிள்ளைக்கும் இது பொருந்தும்.

"பொறுமையாக இரு மகளே" என்று சொல்வது எமது உம்மாமாரின் வழக்கம். பொறுமை பெரிய குணம், அதில் எனக்குக் கருத்து வேறுபாடு இல்லை. ஆனால் பொறுமை என்பது அடியை மறைப்பதாகிவிடக் கூடாது. காயத்தோடு வைத்தியசாலைக்குப் போனால், "குளியலறையில் வழுக்கி விழுந்தேன்" என்று சொல்லாதீர்கள். உண்மையைச் சொல்லி அறிக்கையில் எழுதச் செய்யுங்கள். பொலிஸ் நிலையங்களில் சிறுவர், பெண்கள் பிரிவு இருக்கிறது. முறைப்பாடு செய்து அதன் இலக்கத்தைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். பெண்களுக்கான உதவித் தொலைபேசி இலக்கம் 1938, சிறுவர்களுக்கானது 1929. சட்டத்தரணிக்குக் கொடுக்கப் பணம் இல்லாதவர்களுக்குச் சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது. திருமணப் பதிவுப் பிரதி, பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், நகைக் கடைப் பற்றுச்சீட்டு, வங்கிச் சீட்டு, வந்த குறுஞ்செய்திகள் ஆகியவற்றின் பிரதிகளைத் தாய் வீட்டில் ஒரு கோப்பில் வைத்துக்கொள்ளுங்கள். கணவனைச் சந்தேகித்து இதைச் செய்யச் சொல்லவில்லை. காணி உறுதியைப் பெட்டியில் பத்திரமாக வைப்பவர்கள் எல்லாம் அண்டை வீட்டாரைச் சந்தேகித்தா வைக்கிறார்கள்?

சட்டத்திலும் குறை இருக்கிறது, அதைச் சொல்லாமல் விட்டால் இக்கட்டுரை நேர்மையாக இராது. 1951ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி காதியாக நியமிக்கப்படுபவர் ஆணாகவே இருக்க வேண்டும். மதிப்பீட்டாளர்களும் ஆண்களே. தன் இல்லற வாழ்வின் அந்தரங்கத்தை ஒரு பெண் இத்தனை ஆண்களின் முன்னால் சொல்ல வேண்டியிருக்கிறது. நிகாஹ் பதிவில் மணமகளின் கையொப்பத்தை இச்சட்டம் கேட்கவில்லை, வலியின் கையொப்பம் போதும். இவற்றை ஆராய 2009இல் நியமிக்கப்பட்ட குழு தனது அறிக்கையை 2018இல்தான் கையளித்தது. அன்றிலிருந்து வாதங்கள் நடக்கின்றன. அதில் எந்தப் பக்கம் நிற்பது என்பது அவரவர் விருப்பம். என்னைக் கேட்டால், வழக்குச் சொல்ல வரும் பெண்ணின் எதிரில் மார்க்கமும் சட்டமும் கற்ற ஒரு பெண்ணாவது இருக்க வேண்டும் என்பேன். ஆனால் சட்டம் திருந்தும் வரை காத்திருக்க, இன்று அடிபடுகிறவளுக்கு நேரமில்லை. இருக்கின்ற சட்டத்தில் உள்ள வழிகளையாவது அவள் அறிந்திருக்க வேண்டும்.

அதற்குப் பெரிய ஏற்பாடுகள் தேவையில்லை. உயர்தர மாணவிகளுக்கு வருடத்தில் ஒரு நாள், சட்டத்தரணி ஒருவரையும் மார்க்கம் கற்ற ஒருவரையும் அழைத்து இரண்டு மணித்தியாலம் ஒதுக்கினால் போதும். உம்மாமாரையும் வாப்பாமாரையும் அதே மண்டபத்தில் அமர்த்தலாம். ஆண் பிள்ளைகளின் பாடசாலைகளிலும் இதைச் செய்ய வேண்டும். தாபரிப்புத் தன் கடமை என்று பதினெட்டு வயதில் அறிந்த ஒருவன், முப்பது வயதில் நீதவானின் முன்னால் அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியிராது.

மாணவிகளே, உங்களில் அநேகருக்கு இந்தக் கதவுகளில் ஒன்றையேனும் தட்டும் தேவை வராமலே போகட்டும். ஆனாலும் உங்கள் தோழிக்கோ, தங்கச்சிக்கோ, பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கோ அது தேவைப்படும் நாளில், "பொறுத்துக்கொள்" என்பதோடு நிறுத்திவிடாதீர்கள். "இது காதியிடம், இது மாவட்ட நீதிமன்றத்தில், இது நீதவானிடம், வா, நான் கூட வருகிறேன்" என்று சொல்லுங்கள்.