சோடாப் பாணும் மாசியும்

மழை பெய்யும் மாலையிலே முன்னறிவிப்பின்றி விருந்தினர் வந்துவிட்டால், மலைநாட்டு இல்லத்தரசியின் முதற் கவலை பாணைப் பற்றியதாகவே இருக்கும். மடுல்கெல்லைப் பக்கத்துத் தோட்டங்களிற் பலவற்றுக்குப் பேக்கரி கூப்பிடு தூரத்தில் இல்லை. வீட்டிலே கோதுமை மா உண்டு, தயிரும் உண்டு. ஆனால், “வந்தவர்களுக்கு ரொட்டியைத் தட்டி வைப்பதா?” என்ற கூச்சமும் கூடவே உண்டு. அந்தக் கூச்சம் வேண்டாதது என்பதற்கு அயர்லாந்து நாட்டு ஏழைகளின் பாண் ஒன்றே நல்ல சான்றாகும்.

பாண் பொங்குவதற்கு ஈஸ்ட் வேண்டும். பொங்கும்வரை காத்திருக்க வேண்டும். சுடுவதற்குப் போறணை வேண்டும். அயர்லாந்துக் குடிசைகளில் இவை எளிதிற் கிட்டவில்லை. அந்த ஈரநாட்டிலே விளைந்த கோதுமையும் மென்மையானது. ஈஸ்ட் பாணுக்கு வேண்டிய பசை அதிற் குறைவு. 1830-களிலே சமையற் சோடா பரவத் தொடங்கியதும், அம்மக்கள் மாவிலே சோடாவைக் கலந்து, வெண்ணெய் எடுத்த மோரைவிட்டுக் குழைத்து, மூடியுள்ள இரும்புச் சட்டியிற் சுட்டெடுத்தனர். 1845-இல் உருளைக்கிழங்கைத் தாக்கிய நோயினால் பஞ்சம் வந்து, ஏறத்தாழப் பத்து லட்சம் பேர் மாண்ட நாடு அது. வறுமை கற்பித்த அந்தப் பாணையே இன்று அந்நாட்டார் விருந்தினர்முன் பெருமையோடு வைக்கின்றனர்.

நம் மலைகளின் கதையும் இதற்கு மிகத் தொலைவிலில்லை. 1869-இல் இலங்கையிலே தோன்றிய இலைநோய் கோப்பித் தோட்டங்களை அழித்தது. அவற்றின் இடத்தைத் தேயிலை பிடித்தது. அந்தக் கொழுந்தைப் பறித்த கைகளே விடியற்காலையில் கோதுமை மா ரொட்டியையும் தட்டின. அந்த ரொட்டிக்கு மட்டும் மதிப்புக் குறைவானேன்?

மாணவர்கள் இதன் இரசாயனத்தையும் அறிந்துகொள்ளலாம். மோரின் புளிப்புக்குக் காரணம் லாக்டிக் அமிலம். அது சோடாவோடு சேர்ந்ததும் கரியமில வாயு பிறக்கிறது. அவ்வாயுவே பாணைப் பொங்கச் செய்கிறது. கலந்த கணமே வாயு எழத் தொடங்குவதால் மாவை ஆறப்போடலாகாது. அழுத்திப் பிசைந்தாலோ பசை இறுகிப் பாண் கல்லாகிவிடும். எனவே, பக்குவம் முழுவதும் விரைவிலும் மென்மையிலுமே அடங்கியிருக்கிறது.

கோதுமை மா 450 கிராம், சமையற் சோடா ஒரு தேக்கரண்டி, உப்பு ஒரு தேக்கரண்டி ஆகியவற்றை நன்கு கலந்துகொள்ளுங்கள். நடுவிலே குழி செய்து, புளித்த கெட்டி மோர் ஏறத்தாழ 350 மில்லிலீற்றர் விட்டு, விரல்களாலேயே கூட்டுங்கள். உருட்டித் தட்டி, மேலே கத்தியால் ஆழமாகச் சிலுவைக்குறி போலக் கீறுங்கள். நடுப்பகுதியும் வேக அது உதவும். 200 பாகை வெப்பத்தில் சுமார் 40 நிமிடம் சுட்டபின், அடிப்புறத்தைத் தட்டினால் வெற்றொலி கேட்கவேண்டும். போறணை இல்லாதார் வருந்தவேண்டா. வட அயர்லாந்தில் மாவை வட்டமாகத் தட்டி நான்காய் வெட்டிக் கல்லிலேயே சுடுவர். அதன் பெயர் ‘ஃபார்ல்’. நாலிலொரு பங்கு என்பதே அச்சொல்லின் பொருள். அரை அங்குலத் தடிப்பில் தட்டி, நம் தோசைக்கல்லிலே எண்ணெயின்றி, மெல்லிய தீயில், பக்கத்துக்கு எட்டு அல்லது பத்து நிமிடம் வைத்தாற் போதும்.

இந்தப் பாணின்மேல் வெண்ணெய் தடவிப் புகையூட்டிய சால்மன் மீன் துண்டுகளை வைப்பது அயர்லாந்து வழக்கம். நமக்கு அந்த மீனைத் தேடியலைய வேண்டுவதில்லை, மாசி இருக்கிறது. சூரை மீனை அவித்து, புகையூட்டி, வெயிலில் உலர்த்தினால் மாசியாகிறது. 1343-இல் மாலைதீவுக்கு வந்த யாத்திரிகர் இபுன் பதூதாவும் இவ்வாறு பதப்படுத்திய மீனைக் குறித்து எழுதியுள்ளார். மாசியைப் பொடியாக இடித்து, சின்ன வெங்காயம், செத்தல் மிளகாய், உப்பு சேர்த்து மீண்டும் இடித்துத் தேசிக்காய்ப் புளி விடுங்கள். மெல்லியதாக வெட்டிய பாணில் வெண்ணெய் பூசி, அதன்மேல் இச்சம்பலைச் சிறிதளவு வைத்துத் தேநீரோடு கொடுங்கள். மரக்கறி உண்போருக்கும் விரதகாரருக்கும் மாசி சேராத சம்பலைத் தனியே இடித்துவைப்பது பண்பு.

விருந்தோம்பலுக்கு ஓர் அதிகாரமே வகுத்த வள்ளுவர், இன்ன பண்டம் சமைத்திடுக என்று அதில் எங்கும் விதிக்கவில்லை. விருந்தினரை நோக்கும் முகத்தைப் பற்றியே பேசினார். கடைப் பாண் வரவில்லையே என்று வாடிய முகத்தைவிட, அடுப்படியிலிருந்து சுடச்சுடப் பாணை ஏந்திவரும் மலர்ந்த முகமே வந்தவர்க்கு இனிது. அந்தப் பாண் ஆறுவதற்குமுன் பரிமாறுங்கள். மறுநாளைக்கு வைத்தால் அது வறண்டுவிடும்.