குற்றச் செய்தி யாரைக் கேள்வி கேட்க வேண்டும்?

தமிழ்நாட்டில் குற்றச் செய்தி எழுதும் எவரும் படித்தே தீர வேண்டிய தீர்ப்பு ஒன்று உண்டு. ஆட்டோ சங்கர் விவகாரத்தில் பிறந்தது அது. 1980-களின் இறுதியில் சென்னை திருவான்மியூரை உலுக்கிய கொலைகளுக்காக, 1991-ல் செங்கல்பட்டு அமர்வு நீதிமன்றம் சங்கருக்குத் தூக்குத் தண்டனை விதித்தது. சிறையில் இருந்தபடி சங்கர் எழுதிய தன்வரலாற்றைத் தொடராக வெளியிட ‘நக்கீரன்’ இதழ் முன்வந்தது. ஐஏஎஸ், ஐபிஎஸ் அதிகாரிகள் சிலருடன் சங்கருக்கு இருந்த நெருக்கத்தை அது பேசியது. வெளியிட்டால் நடவடிக்கை பாயும் என்று சிறைத் துறையிலிருந்து கடிதம் வந்தது. ஆசிரியர் கோபால் உச்ச நீதிமன்றம் போனார்.

1994 அக்டோபர் 7-ல் வந்த தீர்ப்பு மூன்று விஷயங்களைத் தெளிவாக்கியது. முதலாவது, தங்களைப் பற்றி அவதூறு வரும் என்று அஞ்சி, ஒரு எழுத்தை அச்சேறும் முன்பே தடுக்க அரசுக்கோ அதிகாரிகளுக்கோ உரிமை இல்லை. இரண்டாவது, நீதிமன்ற ஆவணம் உள்ளிட்ட பொது ஆவணங்களில் இருப்பதை யாருடைய ஒப்புதலும் இன்றி வெளியிடலாம். அதைத் தாண்டி ஒருவரின் சொந்த வாழ்க்கைக்குள் நுழைந்தால் அது அந்தரங்க உரிமை மீறல். மூன்றாவது, ஆவணத்திலேயே இருந்தாலும், பாலியல் வன்முறை, கடத்தல் போன்ற குற்றங்களுக்கு உள்ளான பெண்ணின் பெயரை வெளியிட்டு அவரை மேலும் இழிவுக்கு உள்ளாக்கக் கூடாது.

அதிகாரத்தில் இருப்பவரைக் கேள்வி கேட்கும் சுதந்திரத்தையும், பாதிக்கப்பட்டவரைக் காக்கும் கடமையையும் ஒரே தீர்ப்பு ஒருசேர வழங்கியது. நம் ஊடகங்களில் பெரும்பாலானவை சுதந்திரத்தை எடுத்துக்கொண்டு கடமையை விட்டுவிட்டன. சுதந்திரத்தையும் தவறான திசையிலேயே செலவிடுகின்றன. காவல் துறையிடம் கேட்க வேண்டிய கேள்விகளெல்லாம் குற்றத்துக்கு உள்ளான பெண்ணின் நடத்தை மீது திரும்புகின்றன.

காவல் நிலையத்தில் எழுதப்படும் தீர்ப்பு

கைது நடந்த சில மணி நேரத்தில் ‘பரபரப்பு வாக்குமூலம்’ என்று செய்தி வருகிறது. கொலைக்கான காரணம், திட்டம், தப்பிய வழி என எல்லாமே நேரில் பார்த்ததுபோல எழுதப்படுகின்றன. ஆனால், காவல் அதிகாரியிடம் அளிக்கப்படும் ஒப்புதல் வாக்குமூலத்தைக் குற்றத்தை நிரூபிக்கப் பயன்படுத்தக் கூடாது என்பது பிரிட்டிஷ் காலத்துச் சாட்சியச் சட்டத்திலேயே இருந்த விதி. இன்றைய பாரதிய சாட்சிய சட்டத்தின் 23-வது பிரிவும் அதையே சொல்கிறது. அடித்தும் மிரட்டியும் ஒப்புக்கொள்ள வைக்க முடியும் என்பதால்தான் இந்த விதி. நீதிபதி ஏற்க மறுக்கும் ஒன்றை வாசகர் நம்ப வேண்டும் என்று தலைப்பிடுவது எந்த வகையில் நியாயம்?

2016 ஜூனில் நுங்கம்பாக்கம் ரயில் நிலையத்தில் இளம் மென்பொறியாளர் ஒருவர் வெட்டிக் கொல்லப்பட்டார். அவருடைய நட்பு, நம்பிக்கை, தினசரி நடமாட்டம் எல்லாம் நாள்கணக்கில் அலசப்பட்டன. கைதான இளைஞர் அந்தச் செப்டம்பரில் புழல் சிறையில் இறந்தார். தற்கொலை என்றனர் அதிகாரிகள், குடும்பத்தினர் மறுத்தனர். நீதிமன்ற விசாரணை நடக்கவே இல்லை. ஆகவே, அந்த இருவரைப் பற்றியும் மக்கள் மனதில் இன்று பதிந்திருப்பது ஊடகம் எழுதிய தீர்ப்பு மட்டுமே. அதை எதிர்த்து மேல்முறையீடு செய்ய எந்த நீதிமன்றமும் இல்லை.

அடையாளம் காத்தால் நீதி கிடைக்கும்

ஊடகம் இல்லாவிட்டால் பல குற்றங்கள் வெளியே வந்திருக்காது என்ற வாதம் உண்மைதான். பொள்ளாச்சி பாலியல் வழக்கு 2019-ல் சிபிஐ கைக்குப் போனதற்கு ஊடகங்கள் எழுப்பிய குரலுக்குப் பெரும் பங்கு உண்டு. அதே வழக்கில்தான் புகார் கொடுத்த பெண்ணின் பெயரைக் காவல் அதிகாரியே வெளியில் சொன்னார். அரசாணையிலும் அது இடம்பெற்றது. அந்தப் பெண்ணுக்கு 25 லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்க உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவிட்டது. அப்படியும் யாரும் பாடம் கற்கவில்லை. 2024 டிசம்பரில் அண்ணா பல்கலைக்கழக மாணவியின் புகாரில் பதிவான முதல் தகவல் அறிக்கை இணையத்தில் கசிந்தது. சென்னை உயர் நீதிமன்றம் மீண்டும் 25 லட்சம் இழப்பீடு வழங்கச் சொன்னது. மூன்று பெண் ஐபிஎஸ் அதிகாரிகளைக் கொண்ட புலனாய்வுக் குழுவையும் அமைத்தது.

ஆவணத்தைக் கசியவிட்டது அரசு நிர்வாகத்தின் தவறு. கையில் கிடைத்தது என்பதற்காக அதைப் பரப்பியது யாருடைய தவறு? 1994 தீர்ப்பின் மூன்றாவது விதி இந்தக் கேள்விக்கு முன்கூட்டியே பதில் சொல்லிவிட்டது.

அடையாளம் காப்பது வெறும் நாகரிகம் அல்ல. வழக்கு நிலைப்பதற்கே அதுதான் அடிப்படை. 2025 மே 13-ல் பொள்ளாச்சி வழக்கில் ஒன்பது பேருக்கும் சாகும்வரை ஆயுள் தண்டனை கிடைத்தது. சாட்சிகளில் ஒருவர்கூடப் பிறழவில்லை என்றார் சிபிஐ வழக்கறிஞர். தங்கள் பெயர் ஊர் முழுக்க அடிபடாது என்ற நம்பிக்கை இல்லாமல் அந்தப் பெண்கள் கூண்டேறிப் பேசியிருப்பார்களா? பெயர் மட்டும் அல்ல, தெரு, கல்லூரி, உறவினர் பேட்டி என்று அடையாளம் காட்டிக்கொடுக்கும் எதையும் வெளியிடக் கூடாது என்று 2018-ல் நிபுண் சக்சேனா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதன் பொருள் இதுதான்.

செய்ய வேண்டியவை கடினமானவை அல்ல. காவல் துறை சொல்வதைக் காவல் துறை சொல்கிறது என்றே எழுத வேண்டும். கைதுக்குக் கொடுத்த அதே பக்கத்தையும் அதே அளவையும் விடுதலைக்கும் கொடுக்க வேண்டும். குற்றப்பத்திரிகை ஏன் தாமதமானது, புகாரை முதலில் வாங்க மறுத்தது யார், குற்றவாளிக்கு யாருடைய செல்வாக்கு துணை நின்றது என்று கேட்க வேண்டும். இதற்கு மாவட்ட நீதிமன்றங்களில் நாள்தோறும் உட்கார்ந்து சாட்சியம் கேட்கும் செய்தியாளர்கள் தேவை. அவர்களுக்கு ஊதியமும் நேரமும் கொடுப்பது ஆசிரியர்களின், நிறுவனங்களின் பொறுப்பு. யூடியூப் சேனல்களுக்கும் இதே விதிதான். அதிகாரிகளின் மிரட்டலை எதிர்த்துத் தமிழ்ப் பத்திரிகை ஒன்று போராடிப் பெற்ற உரிமை இது. அதை வலியவர்களை நோக்கிப் பயன்படுத்துவதே அந்தப் போராட்டத்துக்கு நாம் செய்யும் மரியாதை.