பயப்பட வேண்டியது திருடனுக்கு மட்டுமல்ல

டிசம்பர் பிறந்தாலே, டொமினிகன் குடியரசில் குடியேறிய வெளிநாட்டவர் நடுவே ஒரு புத்திமதி சுற்ற ஆரம்பித்துவிடும். ‘பண்டிகைக்குப் பணம் வேண்டும், திருடன் வெளிநாட்டுக்காரனைத்தான் தேடி வருவான். பொழுது சாய்ந்தால் வெளியே போகாதே. முடிந்தால் பண்டிகை முடியும்வரை கடற்கரை விடுதியிலேயே தங்கிவிடு. மனைவி வீட்டுக்குப் போயே தீர வேண்டுமென்றால் பர்ஸை இறுக்கிப் பிடித்துக்கொள்.’ குளிருக்குத் தப்பி டொரொன்டோவிலிருந்து அங்கே கடற்கரை ஊரான புன்டா கானாவுக்கு வந்திறங்கும் நம் ஆட்களும் இதையே மந்திரம்போல் சொல்கிறார்கள்.

நான் அந்த நாட்டின் இரண்டாவது பெரிய நகரமான சாந்தியாகோவில் ஒரு குடும்பத்துக்கு மருமகன். இந்தப் புத்திமதியை எனக்குச் சொல்லாத வெளிநாட்டு நண்பர் கிடையாது. அதில் பாதி தவறு. ஆபத்து உண்டு என்கிற மீதிப் பாதி சரிதான். ஆனால் ஆபத்து இருக்கும் இடத்தை அது மாற்றிச் சொல்கிறது. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

1. ‘டிசம்பரில் கொள்ளையரின் குறி வெளிநாட்டவர்தான்’

டிசம்பரில் தெருவில் பணம் அதிகம் புழங்குவது உண்மை. தொழிலாளர் சட்டப்படி, ஆண்டு முழுக்கக் கொடுத்த சம்பளத்தில் பன்னிரண்டில் ஒரு பங்கை ஒவ்வொரு முதலாளியும் டிசம்பர் 20-க்குள் கூடுதலாகக் கொடுத்தாக வேண்டும். ‘டோப்லே சுவெல்டோ’, அதாவது இரட்டைச் சம்பளம் என்று ஊரே அதற்குக் காத்திருக்கும். வெளிநாடுகளில், முக்கியமாக அமெரிக்காவில், வேலை பார்க்கும் பிள்ளைகள் அனுப்பும் பணம் வேறு. அண்மை ஆண்டுகளில் அது ஆண்டுக்கு 1,000 கோடி டாலரைத் தாண்டிவிட்டது. டிசம்பரில் அந்தப் பிள்ளைகளே கழுத்தில் சங்கிலியும் கையில் புதுப் போனுமாக வந்து இறங்குகிறார்கள்.

ஆக, பணத்தை மோப்பம் பிடித்து வருகிறவன் கண்ணில் முதலில் படுவது யார்? வங்கியிலிருந்து இரட்டைச் சம்பளத்தோடு வெளியே வரும் சுருட்டுத் தொழிற்சாலைப் பெண். நியூயார்க்கிலிருந்து வந்த பக்கத்து வீட்டு மகன். அதற்குப் பிறகுதான் நீங்களும் நானும். மோட்டார் சைக்கிளில் இரண்டு பேர் உரசிக்கொண்டு வந்து பையையோ போனையோ பறிப்பதுதான் இங்கே வழக்கமான தெருத் திருட்டு. அதற்கு ஆள் எந்த நாட்டவர் என்று பார்க்கத் தேவையில்லை. கவனம் பிசகிய ஒரு நொடி போதும்.

என் மாமியாரைப் பாருங்கள். டிசம்பரில் ‘காயே தெல் சோல்’ கடைவீதிக்குப் புறப்படும்போது கம்மலைக் கழற்றி பிஸ்கட் டப்பாவில் போட்டுவிட்டுத்தான் படி இறங்குவார். போன் பையின் அடியில் போகும். வேண்டிய பணம் மட்டும் மடித்துத் தனியாக. ஏ.டி.எம்.மில் பணம் எடுப்பதென்றால் பகலில், பெரிய கடைக்குள் இருக்கும் எந்திரத்தில்தான். அவர் பிறந்து வளர்ந்ததே அந்த ஊர். எச்சரிக்கை வெளிநாட்டவருக்கென்று தனியாக எழுதப்பட்டது என்று நினைப்பதுதான் முதல் பிழை.

கொலைக் கணக்கும் இந்தப் பயத்துக்குத் துணை வருவதில்லை. 2011 வாக்கில் லட்சம் பேருக்கு 25 அளவில் இருந்த விகிதம், அண்மை ஆண்டுகளில் அதில் பாதிக்கும் கீழே வந்துவிட்டது. நடக்கிற கொலைகளிலும் பெரும்பகுதி கொள்ளையில் நடப்பவை அல்ல. குடியிலும் பழைய பகையிலும் தெரிந்தவர்களுக்குள் முற்றிய சண்டைகளின் விளைவு. அமெரிக்க வெளியுறவுத் துறை தன் நான்கு படி எச்சரிக்கையில் இந்த நாட்டை இரண்டாம் படியில் வைத்திருக்கிறது. காரணம் வேறு என்றாலும், பிரான்சும் ஜெர்மனியும் நின்றதும் அதே படியில்தான். பாரிசுக்குப் போகிறவரிடம் ‘ஓட்டல் அறையை விட்டு வெளியே வராதே’ என்று யாரும் சொல்வதில்லையே.

2. ‘விடுதி மதிலுக்குள் இருப்பதே பாதுகாப்பு’

இந்த வாதத்துக்கு 2019-லேயே ஒரு சோதனை வந்தது. அந்த ஆண்டு கோடையில் அமெரிக்கச் சுற்றுலாப் பயணிகள் சிலர் அடுத்தடுத்து விடுதி அறைகளில் இறந்துபோனார்கள். அறையில் வைக்கும் மதுவில் விஷம் என்று செய்தி பறந்தது; முன்பதிவுகள் சரிந்தன. இறந்தவர்களில் மூவரின் விஷயத்தில் எஃப்.பி.ஐ. நச்சுப் பரிசோதனை செய்தது. இயற்கை மரணம் என்று அந்த ஆண்டு அக்டோபரில் முடிவு வந்தது. அதற்குள் பீதி தன் வேலையை முடித்துவிட்டிருந்தது.

இந்தப் புத்திமதி சொல்லும் இதே ஆட்கள்தான் அன்று ‘விடுதிக்குப் போகாதே’ என்றார்கள். இன்று ‘விடுதியை விட்டு வராதே’ என்கிறார்கள். இரண்டுக்கும் அடியில் இருப்பது ஒரே நினைப்பு: ஆபத்து என்பது ஓர் இடம், கோடு போட்டு அதைத் தள்ளி வைத்துவிடலாம். அப்படித் தள்ளி வைக்க முடியாது. 2025 ஏப்ரல் 8 அதிகாலை, தலைநகர் சான்டோ டொமிங்கோவின் புகழ்பெற்ற ‘ஜெட் செட்’ இரவு விடுதியின் கூரை இடிந்து விழுந்து 230 பேருக்கு மேல் மாண்டார்கள். மேடையில் பாடிக்கொண்டிருந்த மெரெங்கே பாடகர் ருபி பெரெஸும் அதில் போனார். வசதி படைத்தவர்கள் கூடிய இடம் அது. வாசலில் காவல் இல்லாத இடமும் அல்ல.

அதற்கு மாறாக, மாமியார் வீட்டுத் தெரு எப்படி இருக்கிறது? முனையில் ஒரு ‘கொல்மாடோ’, நம் மளிகைக் கடை மாதிரி. வாசலில் நாற்காலி போட்டு டோமினோ ஆடும் நாலு பெரியவர்கள். நான் இன்னார் வீட்டு மருமகன் என்பது அவர்களுக்குத் தெரியும். அறிமுகமில்லாத மோட்டார் சைக்கிள் இரண்டு முறை தெருவைச் சுற்றினால் ஆட்டம் நின்று தலைகள் திரும்பும். நான் வெளியே போனால், ‘போய்ச் சேர்ந்ததும் கூப்பிடு’ என்று மாமியார் சொல்லி அனுப்புவார். கூப்பிடாவிட்டால் மைத்துனன் கிளம்பிவிடுவான். எந்த வாடகைக் காரை நம்பலாம், எந்தப் பாலத்தடியில் இருட்டிய பின் போகக் கூடாது என்பதெல்லாம் அந்த வீட்டுக்குத் தெரியும்; விடுதி வரவேற்பறைக்குத் தெரியாது. திருட்டிலிருந்து காப்பாற்ற இதைவிட நல்ல ஏற்பாட்டை நான் இங்கே பார்க்கவில்லை.

3. ‘மனைவி வீட்டார் கறந்துவிடுவார்கள்’

சிரித்துக்கொண்டே சொல்லப்படும் இந்தக் குற்றச்சாட்டுதான் மற்ற எல்லாவற்றையும் விட அநியாயமானது. டிசம்பர் 24 இரவு, ‘நோச்சே புவேனா’, குடும்பம் முழுக்க ஒரே மேசையில் கூடும் விருந்து. அதன் வரவுசெலவைப் பக்கத்திலிருந்து பார்த்தவர் இப்படிப் பேச மாட்டார்.

எங்கள் வீட்டு விருந்தையே எடுத்துக்கொள்ளலாம். பன்றி, மலையடிவாரத்தில் இருக்கும் சித்தப்பா வளர்த்தது. அதைக் கம்பியில் கோர்த்துச் சுடும் கரிக்கும் பீருக்கும் மைத்துனனின் இரட்டைச் சம்பளம். தேங்காய்ப்பால் விட்டு ஆக்கும் சோற்றுக்குப் பச்சைத் துவரை வேண்டும். அதை உரித்துக் கொடுப்பது அக்கம்பக்கத்துப் பெண்கள். கிழங்கும் வாழைக்காயும் அரைத்து இறைச்சி வைத்து இலையில் கட்டி அவிக்கும் ‘பாஸ்தேலே’களை மாமியாரும் பெண்களும் முதல் நாளே உட்கார்ந்து கட்டிவிடுகிறார்கள். நியூயார்க்கில் இருக்கும் அக்கா, துணிமணியும் எண்ணெயும் டப்பா உணவும் அடைத்த பீப்பாயைக் கப்பலில் அனுப்பியிருப்பாள். ஆப்பிளும் திராட்சையும் வெளியூர்ச் சரக்கு, விலை அதிகம். அது என் பங்கு. மொத்தச் செலவில் என் கை போட்டது எவ்வளவு என்று பார்த்தால், பெருமையடித்துக்கொள்ள ஒன்றுமில்லை.

இதற்குப் பின்னால் ஒரு நிதி ஏற்பாடும் உண்டு. ‘சான்’ என்கிறார்கள்; நம் ஊர்ச் சீட்டேதான். வாரா வாரம் ஆளுக்கு இவ்வளவு என்று போட்டு, முறை வைத்து எடுப்பது. டிசம்பர் முறைக்குப் போட்டா போட்டி. வெளிநாட்டு மருமகனின் பர்ஸை நம்பி யாரும் பண்டிகை கொண்டாடவில்லை என்பதற்கு இதற்கு மேல் சான்று வேண்டாம்.

பணத் தகராறே வராது என்று சொல்லவில்லை. வருகிறது. பெரும்பாலும் எங்கே வருகிறது தெரியுமா? முதல் ஆண்டு தாராளமாக அள்ளிக் கொடுத்துப் பேர் வாங்கி, அடுத்த ஆண்டு ‘கேட்கிறார்களே’ என்று முகம் சுளிக்கிற இடத்தில். டிசம்பருக்கு முன்பே கணவனும் மனைவியும் உட்கார்ந்து, இவ்வளவுதான் என்று முடிவு செய்து, அதை மனைவி வாயால் வீட்டில் சொல்லிவிட்டால் சங்கடம் இல்லை. மாமனார் நிலத்தில் வீடு கட்டிப் பிறகு புலம்புகிறவர்களுக்கும் பதில் உண்டு. இந்த நாட்டில் வெளிநாட்டவர் தம் பெயரிலேயே நிலம் வாங்கலாம். உரிமைப் பத்திரம் தரும் பதிவேடு இருக்கிறது. திருமணத்துக்கு முன் தனி ஒப்பந்தம் எழுதாவிட்டால், அதன் பிறகு சேர்க்கும் சொத்து இருவருக்கும் பொது என்பதே சட்டத்தின் இயல்பு நிலை. இதையெல்லாம் வக்கீலிடம் கேட்காமல் விட்டுவிட்டு மாமியாரைத் திட்டிப் பயன் இல்லை.

4. ‘அவர்களோடு இருந்தால் ஒரு கவலையும் இல்லை’

இது எதிர்க்கட்சியின் வாதம். பல ஆண்டு வாழ்ந்து ஊறியவர்கள் சொல்வது. முதல் மூன்றையும் மறுத்த எனக்கு இதுவும் உடன்பாடில்லை. திருடனிடமிருந்து குடும்பம் காக்கும். சாலையிலிருந்தும் பாட்டிலிலிருந்தும் அதனால் காக்க முடியாது. சில சமயம் அங்கே கொண்டுபோய் விடுவதே குடும்பத்தின் பாசம்தான்.

சாலையை முதலில் சொல்ல வேண்டும். அமெரிக்கக் கண்டங்களிலேயே சாலைச் சாவு மிக அதிகமான நாடுகளில் இது ஒன்று. பதிவான வண்டிகளில் பாதிக்கு மேல் மோட்டார் சைக்கிள். சாலையில் சாகிறவர்களிலும் பெரும்பான்மையோர் அதில் போகிறவர்கள். 2017-ல் வந்த 63-17 போக்குவரத்துச் சட்டம் தலைக்கவசத்தைக் கட்டாயமாக்கியிருக்கிறது. கிராமத்துப் பாதைகளில் அந்தச் சட்டத்தைப் பார்த்தவர் குறைவு. ஆண்டுதோறும் கிறிஸ்துமசுக்கும் புத்தாண்டுக்கும் அவசரகால நடவடிக்கை மையம் பல்லாயிரம் பேரைச் சாலைகளில் நிறுத்துகிறது; கனரக லாரிகளுக்குத் தடை போடுகிறது. பிறகு அது வெளியிடும் அறிக்கைகளில் சாலைச் சாவு எத்தனை, விபத்து எத்தனை, குடித்து மயங்கி மருத்துவமனை சேர்ந்தவர் எத்தனை, அவர்களில் சிறுவர் எத்தனை என்று கணக்கு வரும். இந்த நாட்டுப் பண்டிகையின் உண்மையான ஆபத்துப் பட்டியல் அதுதான்.

நள்ளிரவு. சாப்பாடு முடிந்தது. ‘இரண்டு தெரு தள்ளித்தானே, நான் கொண்டுபோய் விடுகிறேன்’ என்று ஐந்தாவது கிளாசை வைத்துவிட்டு மைத்துனன் மோட்டார் சைக்கிள் சாவியை எடுக்கிறான். தலைக்கவசம் இல்லை, முன்னால் ஒரு குழந்தையும் ஏறிக்கொள்கிறது. மறுத்தால் மரியாதைக் குறைவோ என்று வெளிநாட்டுக்காரர் தயங்கும் இடம் இது. தயங்கத் தேவையில்லை. ‘இங்கேயே படுத்துக்கொள்கிறேன்’ என்றால் ஒரு டொமினிகன் மாமியாருக்கு அதைவிடச் சந்தோஷம் கிடையாது. மெத்தையை விரித்துவிட்டுத்தான் மறுபேச்சு. சான்டோ டொமிங்கோவுக்கும் சாந்தியாகோவுக்கும் இடையிலான துவார்த்தே நெடுஞ்சாலையில் பண்டிகை நாள்களில் இரவுப் பயணமே வேண்டாம். பகலில், பெரிய பேருந்து நிறுவனத்தின் வண்டியில் போய்விடலாம்.

அடுத்து பாட்டில். 2020-ல் மெத்தனால் கலந்த கள்ளச்சாராயம் குடித்து இந்நாட்டில் 100 பேருக்கு மேல் செத்தார்கள். பலர் குடித்தது ‘கிளெரென்’ என்ற நாட்டுச் சாராயம். மரக்கானத்திலும் கள்ளக்குறிச்சியிலும் கள்ளச்சாராயச் சாவுகளைப் பார்த்த நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மரப்பட்டையும் வேரும் ஊறவைத்த ‘மாமஹுவானா’வை எந்த வீட்டுக்குப் போனாலும் நீட்டுவார்கள். மாமனார் கண்முன்னால் சீல் உடைத்த ரம்மை ஊற்றி ஊறவைத்தது வேறு. ‘ஒரு நண்பன் கொடுத்தான்’ என்று பிளாஸ்டிக் கேனில் வருவது வேறு. கேனை மறுத்துவிடுங்கள். வயிற்றைக் காரணம் சொன்னால் போதும், எல்லோரும் புரிந்துகொள்வார்கள். உடனே இஞ்சிக் கஷாயம் வந்துவிடும்.

கடைசியாக, டிசம்பர் 31 நள்ளிரவு. பட்டாசை 2009-லேயே 340-09 சட்டம் கட்டுப்படுத்தியது. கள்ளச் சந்தை அதைக் கண்டுகொள்ளவில்லை. தீக்காயத்தோடு குழந்தைகள் மருத்துவமனைக்கு வருவது நிற்கவில்லை. அதைவிட மோசம், வானத்தை நோக்கித் துப்பாக்கியால் சுட்டுப் புத்தாண்டை வரவேற்கும் பழக்கம். சட்டப்படி குற்றம்தான், ஆனாலும் மேலே போன குண்டு கீழே வந்துதானே ஆக வேண்டும். தகரக் கூரை அதைத் தாங்காது. வீட்டு முகப்பில் கார் நிறுத்தும் கான்கிரீட் தளத்தடிக்குப் பெரியவர்கள் பன்னிரண்டு மணிக்குக் கொஞ்சம் முன்பே நாற்காலிகளை நகர்த்துவார்கள். பிள்ளைகளையும் அங்கேயே உட்காரவையுங்கள். வாணவேடிக்கை பார்க்க மொட்டை மாடிக்கு ஏற வேண்டாம்.

ஆகவே, டொமினிகன் குடும்பத்தில் மருமகனாகவோ மருமகளாகவோ போகும் நம்மவர்களுக்கு நான் சொல்வது இது. விடுதி அறையை ரத்து செய்துவிட்டு மாமியார் வீட்டுக்கே போங்கள். நகையைக் கழற்றி வையுங்கள், ஏ.டி.எம். வேலையைப் பகலில் முடித்துவிடுங்கள், உங்கள் பங்கு எவ்வளவு என்று முன்கூட்டியே பேசிவிடுங்கள். தெருவைப் பற்றி அவர்கள் சொல்வதை அப்படியே கேளுங்கள். குடித்தவன் ஓட்டும் வண்டி, மூடி திறந்து வந்த பாட்டில், நள்ளிரவு மொட்டை மாடி ஆகிய மூன்றில் மட்டும் யார் சொன்னாலும் கேட்காதீர்கள். ஆபத்து என்றால் 911-ஐ அழையுங்கள். 2014-ல் தலைநகரில் தொடங்கிய அந்தச் சேவை இன்று நாட்டின் பெரும்பகுதியில் கிடைக்கிறது.